ஆர்கனுக்கு எதற்கு மூச்சு

“ஏண்டி என் கையைக் கிள்ளுறே?”

“கிள்ளலம்மா. பிடிச்சுக்கிட்டேன்.”

“முப்பத்து மூணு வருஷமா உன்னை வளர்க்கிறேன். கிள்ளுறதுக்கும் பிடிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? பாரு, நகம் பதிஞ்சிருக்கு.”

முன் வரிசையில் இரண்டு வெள்ளைத் தொப்பிகள் திரும்பிப் பார்த்தன. சிபில்லா கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் மட்டும் மேலே இருந்த ஆர்கன் மாடத்தை விட்டு அகலவில்லை. அங்கே வாலண்டின் ராய்ஷ் உட்கார்ந்து தன் சோதனை வாசிப்பை வாசித்துக்கொண்டிருந்தான். கான்டர் வேலை கேட்டு வெளியூரிலிருந்து வந்தவன். அவன் முதுகும், காலடிக் கட்டைகளை மிதிக்கிற கால்களும்தான் கீழேயிருந்து தெரிந்தன.

அந்தக் கால்களைப் பார்த்துத்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே கைகள் அறுப்புக் கால ஞானப்பாட்டைப் பின்னிப் பின்னி என்னவோ செய்துகொண்டிருந்தன, செய்துவிட்டுப் போகட்டும். கீழே கால், அவசரமே இல்லாமல், ஐந்து சுரம் மிதித்தது. நின்றது. பிறகு ஐந்து சுரம் மிதித்தது.

அது அவளுடையது.

“முகம் ஏண்டி இப்படி வெளுத்துப்போச்சு? பிடிச்சிருக்கா?”

“எதை?”

“ஆர்கனையா கேக்கிறேன்? அவனைத்தான்.”

“அம்மா, பிரசங்க நேரத்துல பேசிக்கலாம். இப்ப கேக்க விடு.”

“பிரசங்க நேரத்துல எனக்குத் தூங்கணும்.”

அம்மா ரெகீனா அவசரப்பட்டதில் தப்பில்லை. எர்லென்ரோடா என்ற அந்த ஊரில் கான்டர் என்றால் ஆலயப் பாட்டு, பள்ளிக்கூடப் பாட்டு, கல்யாணப் பாட்டு, கருமாதிப் பாட்டு எல்லாம் அவர் தலையில். சிபில்லாவின் அப்பா ஹைம்போல்ட் இருபத்தெட்டு வருஷம் அதைச் சுமந்துவிட்டு, போன மார்ச் கடைசியில் கண்ணை மூடினார். கான்டர் போய்விட்டால் குடும்பத்துக்கு அரை வருஷம் கருணைக் காலம். அதுவரை வீடும் விறகும் உண்டு. செப்டம்பர் கடைசியில், மிகாவேல் திருநாளோடு அது முடிகிறது. புதிதாக வருகிற கான்டர் பழைய கான்டரின் பெண்ணைக் கட்டிக்கொண்டால் வீடு கைமாறாது. இப்படி யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான் நடந்து வந்தது. வேலையோடு வீடு, வீட்டோடு பெண்.

வேலைக்கு நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவன் ராய்ஷ். கல்யாணமாகாதவன். இன்னொருவன் நகரமன்ற உறுப்பினர் ஹார்ட்டுங்கின் தங்கை மகன் கெர்லாக். அவனுக்குப் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், நாலாவது வயிற்றில். ராய்ஷ் ஜெயித்தால் வீடு, கெர்லாக் ஜெயித்தால் தெரு. ஆகஸ்டு நடுவாகிவிட்டது, இன்னும் ஆறு வாரம்.

இந்த நிலையில்தான் ராய்ஷின் கால் அவளுடைய சுரங்களை மிதித்தது.

அவளுடையது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆறு வருஷம் முன்னால் அப்பாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. மூக்கு தாளில் இடிக்கக் குனிந்தால் ஒரு வரி எழுதுவார்; ஆறு குரலுக்கும் ஆர்கனுக்கும் சேர்த்துப் பக்கம் பக்கமாக எழுத முடியாது. முதலில் அவர் சொல்ல அவள் எழுதினாள். பிறகு பாதி சொல்ல மீதியை அவளே எழுதினாள். கடைசி ஐந்து வருஷம் அவர் சொல்லவேயில்லை. “இந்த வாரத்துக்கு ஆயிடுச்சாம்மா?” என்று மட்டும் கேட்பார். தாளின் தலையில் அவர் பெயர் இருக்கும். அவர் போடச் சொன்னதில்லை, போடாதே என்றும் சொன்னதில்லை. கான்டர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பிரதி எடுப்பவர்கள்தான் என்பதால், கையெழுத்தைப் பார்த்தும் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் நேராக மாடிக்குப் போய்ச் சுரத்தாள் பெட்டியைத் திறந்தாள். அறுப்புத் திருநாளுக்கு அவள் நாலு வருஷம் முன்னால் செய்த பாட்டு, அடிக்குரல் தாள் உட்பட, கட்டு கலையாமல் இருந்தது.

“பெட்டியில என்ன தேடுறே? சூப்பு ஆறுது.”

“அம்மா, அந்த ராய்ஷ் நம்ம வீட்டுக்குள்ள வந்தானா? நான் இல்லாதப்போ?”

“வந்தவனை வான்னு சொல்லாம இருக்க முடியுமா? வியாழக்கிழமை வந்தான். ஒரு ஜாடி பிளம் ஜாம் குடுத்தேன். நல்ல பையன், வாய் நிறைய நன்றி சொன்னான்.” அம்மா கரண்டியைத் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தாள். “ஒரு கூத்து பண்ணினான் அவன். மறுநாளே ஜாடியைத் திருப்பிக் கொண்டுவந்துட்டான். ஜாம் அப்படியே இருக்கு. மூடியைக் காணோம்.”

“மூடின்னா?”

“கழிச்சுப்போட்ட சுரத்தாளைத்தானே நான் வெட்டி வாயைக் கட்டுவேன்? அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கிட்டான். ஜாம் வேண்டாமாம், காகிதம் போதுமாம். எலியா அவன்?”

சிபில்லா பெட்டியை மூடினாள். மத்தியானம் துருத்தி மிதிக்கிற லோரென்ஸ் வந்தபோது அவனையும் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருஷமாக ஆர்கனுக்குக் காற்று அடிப்பவன், ஊரில் யாருக்கும் பயப்படாதவன்.

“லோரென்ஸ், புது ஆள் எப்படி?”

“வாசிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்லை.”

“ஏன்?”

“என் கையில சுண்ணாம்புக் கட்டியைக் குடுத்து, சுரவரிக்கு முன்னால போடுற கொக்கியைச் சுவத்துல போட்டுக் காட்டுன்னான். ஏன்யா, நான் கொக்கி போடுறவனா இருந்தா துருத்தி எதுக்கு மிதிக்கிறேன்னு கேட்டேன். சும்மா போடுங்கன்னான். போட்டேன். பாத்துட்டு, ‘இது இல்லை’ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.”

“இது இல்லையா?”

“அப்படித்தான் சொன்னான். திருடன் சாவி தேடுற மாதிரி தேடுறாம்மா அவன். என்னத்தைத் தேடுறான்னுதான் எனக்குப் புரியலை.”

அவளுக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தாள். கழிவுத்தாள் பொறுக்குகிறவன் ஜாம் மூடியில் ஒரு துண்டு, குப்பையில் ஒரு துண்டு என்று சேர்த்து ஒட்டி, அவள் செய்ததைத் தன் பெயரில் வாசித்திருக்கிறான். சொன்னால் வீடு போய்விடும், சொல்லாவிட்டால் திருடனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அன்று ராத்திரி அம்மா குறட்டை விட்டாள். அவள் விடவில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவனே காபிக்கு வந்தான். அம்மா கேக்கை வெட்டி வைத்தாள். உடனே, இல்லாத சர்க்கரையை வாங்கப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினாள். போகிற போக்கில் சிபில்லாவின் தலைத்துணியை நேராக்கிவிட்டுப் போனாள்.

“சர்க்கரை இதோ இருக்கே?” என்றான் ராய்ஷ்.

“அம்மாவுக்குப் போதாதாம். உங்களுக்கு எப்படி? எது கிடைச்சாலும் போதுமா? மூடி, காகிதம்?”

அவன் காது சிவந்தது. “அதைச் சொல்லிட்டாங்களா?”

“இந்த ஊர்ல எதையும் சொல்லாம இருக்க மாட்டாங்க. நேத்து வாசிச்சீங்களே, காலால மிதிச்சது, அது எங்கேருந்து வந்துச்சு?”

“அறுப்புப் பாட்டுலேருந்து.”

“அறுப்புப் பாட்டு எனக்கும் தெரியும். அதுல அப்படி வராது.”

“நேரா வராது,” என்றான் அவன். அவளை ஒருமுறை உற்றுப் பார்த்தான். சந்தேகப்படுகிறவன் பார்வைதான் அதுவும். பிறகு உள்பையிலிருந்து, கையகல நினைவேடு ஒன்றை எடுத்தான். படிக்கிற காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் ஒரு வரி எழுதி வாங்குகிற ஏடு. ஒரு பக்கத்தைத் திருப்பி மேஜை நடுவில் வைத்தான்.

அப்பாவின் கையெழுத்துத்தான். பெரிய, நடுங்குகிற புள்ளிகள். பத்து சுரம், ஒரே வரி, நடுவில் ஓர் இடைவெளி. கீழே: ‘மேஜைக்கு இருவர். கான்டர் ஹைம்போல்ட், எர்லென்ரோடா.’ தேதி மூன்று வருஷம் பழையது.

“நான் உங்க அப்பாவுக்கு எதிர்ல உக்காந்திருந்தேன்,” என்றான். “அவர் எழுத எழுத எனக்கு அது தலைகீழாத் தெரிஞ்சுது. அந்தப் பக்கம் கடைசி சுரம் இந்தப் பக்கம் முதல் சுரம். அங்கே ஏறுனா இங்கே இறங்குது. தலைகீழாவே மனசுக்குள்ள பாடிப் பாத்தேன். ஞானப்பாட்டோட ரெண்டாவது அடி! அவர் பக்கத்துலேருந்து படிச்சா புதுப் பாட்டு, என் பக்கத்துலேருந்து படிச்சா ஊர்ப் பாட்டு. ரெண்டு பேரும் சேர்ந்து பாடினா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. இப்படி ஒண்ணை நான் அதுவரைக்கும் பாத்ததில்லை.”

“அதனால எடுத்துக்கிட்டீங்க.”

“எடுத்துக்கிட்டேன். வேகத்தைப் பாதியாக்கிக் காலுக்குக் குடுத்தேன். மேல கையில ஞானப்பாட்டு. பெரியவருக்கு மரியாதைன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்.”

“மரியாதைன்னா சொல்லிட்டுச் செய்யணும். வாசிக்கிறதுக்கு முன்னால மாடத்துலேருந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

அவன் கேக் துண்டைத் தட்டில் இப்படியும் அப்படியும் நகர்த்தினான்.

“சொல்லாததுக்கு ஒரு காரணம் இருக்கு. அவர் அதை யோசிச்சு எழுதலை. பக்கத்துல ஒரு சின்னத் துண்டுத்தாள் இருந்துச்சு. அதைப் பாத்துப் பாத்து எழுதினார். அந்தத் துண்டுல கொக்கியோட வால் இடது பக்கம் சுழிஞ்சிருந்துச்சு. அவர் போட்டது வலது பக்கம். அப்பவே எனக்கு ஒரு உறுத்தல். யாரோ ஒருத்தர் இந்த ஊர்ல இருக்காங்க, பேர் போடாம எழுதுறாங்க. லோரென்ஸா இருக்குமோன்னுகூட நெனச்சேன்.”

“லோரென்ஸா!”

“துருத்திக்காரங்க சிலபேர் கெட்டிக்காரங்க. அப்புறம் உங்க அம்மாவோன்னு நெனச்சேன். ஜாம் மூடியில அதே கொக்கி. வால் இடது பக்கம்.” அவன் குரல் இறங்கியது. “உங்க அம்மாவுக்குச் சுரம் படிக்கத் தெரியாதுன்னு லோரென்ஸ் சொன்னான். மீதி யாருன்னு எனக்குத் தெரியும்.”

அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். இந்த மனிதன் திருடனைவிட ஆபத்தானவன் என்று பட்டது. திருடனுக்குச் சுரம் மட்டும்தான் தெரியும். இவனுக்கு ரகசியமே தெரிந்திருக்கிறது.

“எதுக்கு வந்தீங்க இந்த ஊருக்கு? உண்மையைச் சொல்லுங்க. வேலைக்கா, வீட்டுக்கா? இல்லை, உங்களுக்கும் பேர் போடாம எழுதிக் குடுக்க ஒரு கை வேணுமா?”

“ஆர்கனுக்கு வந்தேன்,” என்றான் பட்டென்று. “முப்பத்திரண்டு குழாய் வரிசை. வேற எங்கே கிடைக்கும்? மத்ததெல்லாம் அப்புறம் தோணுச்சு.”

அது பொய் மாதிரி இல்லை. ஆனால் ‘மத்ததெல்லாம்’ என்றானே, அதற்குள் எது எது அடக்கம்? அவள் கேட்பதற்குள் கதவு இடிபட்டது. சர்க்கரையோடு அம்மா, அம்மாவுக்குப் பின்னால் மன்றத்துச் சேவகன்.

“ரெண்டு பேரையும் மன்றத்துல கூப்பிடுறாங்க. இப்பவே. கான்டரோட அறுப்புத் திருநாள் தாளையும் எடுத்துட்டு வரணுமாம். கெர்லாக் புகார் குடுத்திருக்கார். திருட்டாம்.”

“ஐயோ, வெறும் காகிதம்தானே! ஜாமையா திருடினான்?” என்றாள் அம்மா.

மன்ற மண்டபத்தில் நீள மேஜையின் தலைமாட்டில் மேயர் வெண்டலின் உட்கார்ந்திருந்தார். பீர் காய்ச்சுபவர். பீப்பாய் செய்யும்போது மிச்சமான பலகையில் செய்த மனிதர் மாதிரி இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவில் அடிக்குரல். அதில் அவருக்கு மேயர் பதவியைவிடப் பெருமை. பக்கத்தில் ஹார்ட்டுங், நின்றுகொண்டு கெர்லாக், மூலையில் எழுத்தர். அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

“நான் நாலு வருஷமா அறுப்புத் திருநாள்ல மேல்குரல் பாடுறேன்,” என்று ஆரம்பித்தான் கெர்லாக். “நேத்து இவர் காலால வாசிச்சது, செத்துப்போன கான்டர் மேயர் ஐயாவுக்கு எழுதின அடிக்குரல் வரி. சுரத்துக்குச் சுரம். சொந்தமா செய்யணும்கிறதுதான் சோதனை. இது திருட்டு.”

“ஏம்மா, தாளைக் காட்டு,” என்றார் ஹார்ட்டுங்.

சிபில்லா தாளைக் காட்டவில்லை. சன்னலோரம் இருந்த ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்து, அறுப்புப் பாட்டைத் திருப்பி, மேஜையில் தன்னைப் பார்க்க வைத்தாள். மேயருக்கு அது தலைகீழாக இருந்தது.

“மேயர் ஐயா, ரெண்டாவது அடியை உங்க பக்கத்துலேருந்தே படிங்க. வார்த்தையை விட்டுடுங்க, கொக்கியையும் விட்டுடுங்க. புள்ளி ஏறுதா இறங்குதான்னு மட்டும் பாத்துப் பாடுங்க.”

“தலைகீழாவா? மன்றத்துல என்ன வித்தை காட்டச் சொல்றே?”

“பாடுங்க ஐயா. நான் நேரா பாடுறேன்.”

மேயர் தொண்டையைச் செருமினார். பாடச் சொன்னால் மறுக்கத் தெரியாதவர். அவள் ஞானப்பாட்டை நேராகப் பாட, அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து விரலால் புள்ளி தொட்டுத் தொட்டுப் பாடினார். நாலாவது சுரத்திலேயே அவர் புருவம் மேலே போனது. ஐந்தில் நிறுத்தினார், மூச்சு வாங்கினார், மீதி ஐந்தையும் முடித்தார்.

“அட, இது என் பாட்டாச்சே!”

“ஊர்ப் பாட்டுங்க. எதிர்ல உக்காந்து படிச்சா இப்படி வரும். பாடத் தெரிஞ்ச யாருக்கும் வரும். எங்க அப்பாவும் அந்தப் பக்கத்துலேருந்து படிச்சார், ராய்ஷும் படிச்சார்னு வச்சுக்குங்க. இதுல யாரு யாரைத் திருடினது?”

ஹார்ட்டுங் முகம் சுருங்கியது. எழுத்தர் பேனாவை மையில் தோய்த்தார். ஆனால் கெர்லாக் மட்டமான ஆள் இல்லை. அவனுக்குக் காது இருந்தது.

“ஒரு நிமிஷம். மேயர் ஐயா அஞ்சாவது சுரத்துல நின்னாரே, ஏன்?”

“ஏன்னா? அங்கே நிக்கணும். நாலு வருஷமா நிக்கிறேன்.”

“கான்டர் தாள்ல நிக்கணும். புத்தகத்துல பாருங்க, பத்து சுரமும் ஒரே மூச்சு. அங்கே இடைவெளியே கிடையாது. நேத்து இவரும் அதே இடத்துல நின்னார். பாடுறவங்களுக்கு மூச்சு வேணும், சரி. ஆர்கனுக்கு எதுக்கு மூச்சு? லோரென்ஸ் நாள் பூரா மிதிச்சா நாள் பூரா ஊதும். புத்தகத்தைத் திருப்பி இவராவே செஞ்சிருந்தா அந்த இடைவெளி எப்படி வந்துச்சு? பாத்து எழுதினதால வந்துச்சு!”

எல்லோரும் ராய்ஷைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். மாட்டிக்கொண்டான் என்று ஒரு மனம் சொன்னது. வீடு போச்சு என்று இன்னொன்று சொன்னது.

ராய்ஷ் நிதானமாக எழுந்தான். “அந்த இடைவெளிதான் அதுல உயிர்,” என்றான். “இசை இலக்கணத்துல அதுக்குப் பெருமூச்சுன்னு பேர். விதைக்கிறவன் ஒரு பக்கம், அறுக்கிறவன் ஒரு பக்கம். நடுவுல மனுஷன் வானத்தைப் பாத்து விடுற பெருமூச்சு அது. அஞ்சும் அஞ்சும் சரிபாதி. எந்தப் பக்கத்துலேருந்து வந்தாலும் நடுவுல அதே மௌனம். இலக்கணம் தெரிஞ்ச யாரும் அங்கேதான் நிறுத்துவாங்க. ஆர்கனா இருந்தாலும் சரி.”

மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பெருமூச்சு,” என்றார் மெல்ல. “நாலு வருஷமா எனக்கு இது தெரியாமப் போச்சே.” ஹார்ட்டுங்கே தலையை ஆட்டினார். எழுத்தர், ‘இலக்கணப்படி’ என்று எழுதத் தொடங்கினார்.

சிபில்லா வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வீடு, விறகு, அம்மாவின் ஜாம் அலமாரி, மாடியறை, பெட்டி, எல்லாம் அங்கே எழுதப்படுகிற அந்த ஒரு வரியில் இருந்தது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆனால் பெருமூச்சாம்!

“இல்லை,” என்றாள்.

“என்னம்மா இல்லை?”

“அது பெருமூச்சு இல்லீங்க. விதைக்கிறவனும் இல்லை, அறுக்கிறவனும் இல்லை. மேயர் ஐயாவுக்குப் பத்து சுரம் ஒரே மூச்சுல வராது. அஞ்சுக்கு மேல போனா முகம் சிவந்துடும், ஆறாவது சுரத்துல சுருதி அரை இழை தணிஞ்சிடும். பக்கத்துல நிக்கிறவங்களையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடும். அதனாலதான் அங்கே ஒரு இடம் விட்டேன். அஞ்சாவதுல விட்டா எந்தப் பக்கத்துலேருந்து படிச்சாலும் நடுவுலயே விழும், வரி கெடாது. அவ்வளவுதான். பீர் காய்ச்சுறவர் மூச்சு விடுறதுக்கு விட்ட இடம்.”

எழுத்தரின் பேனா பாதி வார்த்தையில் நின்றது.

“விட்டேன்னு சொன்னே,” என்றார் ஹார்ட்டுங் மெதுவாக. “விட்டார்னு சொல்லலை.”

“விட்டேன்னுதான் சொன்னேன்.”

“அப்ப, எழுதினது?”

“நான். அதுவும், கடைசி அஞ்சு வருஷம் வந்ததெல்லாமும். அப்பாவுக்குக் கண் தெரியலை. பாட்டு சொல்லிக்குடுத்தார், ஆர்கன் வாசிச்சார், குழுவை மேய்ச்சார். எழுதினது நான்.”

“அஞ்சு வருஷம் ஊரை ஏமாத்தியிருக்கார் கான்டர்!”

“பொம்பளை எழுதிட முடியுமா இதை? மாப்பிள்ளையைக் காப்பாத்தப் பொய் சொல்லுது இந்தப் பொண்ணு,” என்றான் கெர்லாக்.

“காப்பாத்தவா?” என்றாள் அவள். “அவர் நல்லாத்தான் காப்பாத்திக்கிட்டிருந்தார். நான்தான் கெடுத்தேன்.”

மேயரின் முகம் சிவந்திருந்தது. கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். தலைகீழாகவே வைத்துக்கொண்டு பத்து சுரத்தையும் நிறுத்தாமல் பாடப் பார்த்தார். ஐந்து தாண்டியது. ஆறில் குரல் வழுக்கியது. ஏழில் இருமல் வந்துவிட்டது. எழுத்தர் தண்ணீர்க் குவளையை நீட்டினார்.

“அந்த வருஷம்,” என்றார் மேயர், இருமல் அடங்கியதும், “அறுப்புத் திருநாள் முடிஞ்சு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன், எனக்கு உடம்பு தேறிடுச்சுடி, நெஞ்சு அகண்டுபோச்சு, வாலிபப் பையன் மாதிரி பாடினேன்னு.” குவளையை வைத்தார். “கான்டருக்கு என் முகம் சிவக்கிறது தெரிய வாய்ப்பே இல்லை. அவருக்கு நான் நிக்கிற இடமே தெரியாது. பெண்கள் வரிசையிலேருந்து பாத்தாத்தான் தெரியும்.”

“மேயர் ஐயா, ஏமாத்தினது...” என்று ஹார்ட்டுங் தொடங்கினார்.

“கான்டரைக் கூப்பிட்டு விசாரிக்கணும்னா கல்லறைத் தோட்டத்துக்குச் சேவகனை அனுப்புங்க, நான் வரலை. பாட்டு கேட்டோம், பாட்டு கிடைச்சுது. ஒரு ஞாயிறு விட்டுப்போச்சா? இல்லை.” மேயர் அவள் பக்கம் திரும்பினார். “சொந்தக்காரி நீதான்னா, திருட்டா இல்லையான்னு நீதான் சொல்லணும். நல்லா யோசிச்சுச் சொல்லு. உன் வீடும் அதுல இருக்கு.”

அவள் ராய்ஷைப் பார்த்தாள். அவன் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மன்றத்தையோ மேயரையோ பார்க்கவில்லை. மேஜையில் இருந்த புத்தகத்தையே, கட்டிய வீட்டில் அஸ்திவாரம் இல்லை என்று கேள்விப்பட்டவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

“திருட்டு இல்லீங்க,” என்றாள். “திருடுறவனுக்கு எடுக்கிறது என்னன்னு தெரியும். இவர் புரியாம எடுத்துட்டார். அதைப் பாதி வேகத்துல காலுக்குக் குடுத்தது மட்டும் இவர் வேலை. அது எனக்குத் தோணலை. நல்லா இருந்துச்சு.”

“எழுதிக்கோ,” என்றார் மேயர் எழுத்தரிடம். “வேலை ராய்ஷுக்கு. கான்டர் வீடு வழக்கப்படி. கல்யாணம் உண்டா இல்லையாங்கிறதை மிகாவேல் திருநாளுக்குள்ள பொண்ணு சொல்லணும். பொண்ணு வேண்டாம்னா, வீட்டை என்ன பண்றதுன்னு அப்ப நான் பாத்துக்கிறேன். மூச்சு விஷயத்தை எழுதாதே.”

“அப்ப இடைவெளிக்கு என்ன காரணம்னு எழுதுறது?”

“இலக்கணம்னு எழுது.”

வெளியே படிக்கட்டில் அம்மா காத்திருந்தாள். கதவில் காது வைத்துக் கேட்டதில் ஒரு பக்கத் தொப்பி நசுங்கியிருந்தது. “நீ எழுதினியா? அத்தனையும்? நான் அதுலயா ஜாம் ஜாடி கட்டினேன்!” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், அலமாரியில் எத்தனை ஜாடி இருக்கிறது என்று விரல் விட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள்.

ராய்ஷ் இரண்டு படி கீழே நின்றுகொண்டிருந்தான்.

“ஏன் அப்படி ஒரு பொய் சொன்னீங்க உள்ளே?” என்றாள் அவள். “விதைக்கிறவன், அறுக்கிறவன்னு?”

“பொய் இல்லை. சத்தியமா இல்லை. மூணு வருஷமா அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்கேன். எத்தனை புத்தகம் புரட்டினேன் தெரியுமா, அந்த ஒரு இடைவெளிக்காக? கடைசியில பெருமூச்சுன்னு கண்டுபிடிச்சேன். என்கிட்டப் படிக்கிறவங்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லிக்குடுத்தேன்.”

“எத்தனை பேர்?”

“பதினாலு.”

“பதினாலு பேர் எங்கெங்கேயோ ஆர்கனை அஞ்சாவது சுரத்துல நிறுத்திட்டுப் பெருமூச்சு விட்டுக்கிட்டிருக்காங்களா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வரப் பார்த்தது. அவள் விடவில்லை.

“நான் சிரிக்கலை,” என்றாள். “பதினாலு பேருக்கும் கடிதம் எழுதுங்க. அந்த இடைவெளி எதுக்குன்னு எழுதுங்க. யாரு வச்சதுன்னும் எழுதுங்க.”

“மேயர் பேரைப் போடலாமா?”

“மேயர் பேர் வேண்டாம். என் பேர் போடுங்க. முழுசா.”

“எழுதுறேன். இந்த வாரமே எழுதி அனுப்பிடுறேன். அதுக்கப்புறம் கல்யாணத்தைப் பத்தி...”

“அனுப்பக் கூடாது. எழுதி என்கிட்டக் கொண்டுவாங்க. பதினாலையும் நான் படிச்சுப் பாத்து, நானே ஒட்டி அனுப்புறேன்.”

“என்னை நம்ப மாட்டீங்களா?”

சிபில்லா பாவாடையைப் பிடித்துக்கொண்டு, அவனைத் தாண்டிப் படி இறங்கினாள்.

“முதல்ல படிக்கிறேன்,” என்றாள். “அப்புறம் சொல்றேன்.”